விளக்கு வேண்டாம் என்று ஒரு மனு

மகளின் பிறப்புச் சான்றுக்காகக் காஞ்சிபுரம் நகராட்சி அலுவலக வரிசையில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் நின்ற நெசவாளர் குமாஸ்தாவிடம் ஒரு காகிதத்தை நீட்டினார்.

“எங்க தெருவுக்கு விளக்குக் கம்பம் வேணாம் சார்.”

வரிசையே தலையை நீட்டிப் பார்த்தது.

“வேணாமா? எல்லாரும் வேணும்னுதானேப்பா வராங்க?”

“விடிஞ்சா தறிக்கு ஏத்துற பட்டு நூலை, அதான் சார் பாவு, தெரு நீளத்துக்கும் இழுத்துக் கட்டுவோம். கம்பத்துக்குக் குழி வெட்டியிருக்கிறது சரியா அந்த எடத்துல. திங்கக்கிழமை நட்டுட்டா அப்புறம் பாவு எங்க கட்டுறது?”

எனக்குப் பின்னால் இருந்த அம்மாள் என்னைத் தாண்டி முன்னே போய்விட்டார்.

“அண்ணே, அந்தக் கம்பத்தை எங்க சந்துக்குக் குடுக்கச் சொல்லுங்கண்ணே. மூணு வருஷமா கேட்டுக்கினு இருக்கேன். இருட்டுல சாக்கடையில விழுந்து எங்க வூட்டுக்காரரு காலை ஒடிச்சிக்கினாரு.”

“தாராளமா எடுத்துக்கோம்மா. சார், இந்தம்மா சந்துல நட்டுடுங்க.”

“நீங்களா பேசிக் கைமாத்திக்க இது என்ன குடமா?”

குமாஸ்தா பீரோவைத் திறந்து அம்மாளின் பழைய மனுவைத் தேடி எடுத்தார். அதன்மேல் நெசவாளரின் மனுவை வைத்து, இரண்டையும் சேர்த்து நாடாவால் கட்டினார். கட்டு மறுபடி பீரோவுக்குள் போயிற்று.

“திங்கக்கிழமைக்குள்ள பாப்பாங்களா சார்?” என்றார் நெசவாளர்.

குமாஸ்தா என்னைப் பார்த்து, “அடுத்து யாரு?” என்றார்.

பதில் சொன்னது அம்மாள்தான்.

“பத்திரமா இருக்கும்ணே. என்னோடது மூணு வருஷமா அங்கதான் இருக்குது.”