ஒன்றரை மணி நேரத் தூரம்

ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா கடை வரிசையில் எனக்கு முன்னால் இரண்டு அம்மாக்கள். ராஜபாளையத்திலிருந்து என்னோடு ஒரே பஸ்ஸில் வந்தவர்கள். கண்ணாடி போட்டவர் பின்னால் திரும்பி, வரிசைக்கே கேட்கும்படி சொன்னார்:

“எம் மகன் நாளைக்கு லண்டன் போறான். சென்னையில ஏறுனா பதினோரு மணி நேரம் வானத்துலயே இருக்கணும். ஒங்க மகன் எங்கன?”

“லடாக்குல, மிலிட்டரியில. லீவு முடிஞ்சு அவனும் நாளைக்குத்தான் கெளம்புறான்.”

“அது எம்புட்டு நேரம்?”

“டெல்லியில பிளேன் ஏறுனா ஒன்றரை மணி நேரங்கூட ஆவாது.”

“அம்புட்டுதானா! நாம பஸ்ல மதுரைக்குப் போகவே ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஆவுதே.”

“பிளேன் போயிரும்க்கா. எறங்குனவன் ஆறு நாளைக்கு ஒரு வேலையும் பாக்கக் கூடாதுன்னு உக்கார வச்சிருவாங்க. அம்புட்டு ஒசரம். அந்தக் காத்துக்கு ஒடம்பு பழகணும்லா? பொறவுதான் துப்பாக்கியத் தூக்கிக்கிட்டு எல்லைக்கு ஏறுவான். எம் மகன் நாலாவது தடவையா ஏறப் போறான்.”

சொன்னவர் குரலை உயர்த்தவே இல்லை.

கண்ணாடி போட்டவர் தன் முறை வந்ததும் ஒதுங்கி நின்றார்.

“அண்ணாச்சி, மொதல்ல இவியளுக்குப் போடுங்க. இவிய மகனுக்குத்தான் ரொம்பத் தூரம்.”