பெரியவ மட்டும் வரலையாம்

இல்லக்கா, பயப்படாம வெட்டுங்க. காதுக்குக் கீழ வரைக்கும் எடுத்துடுங்க. யோசிச்சுத்தான் சொல்றேன். காலைல ஏறினா சாயங்காலம் வரைக்கும் காருக்குள்ளயே கெடக்கணும், இவ்ளோ நீளத்த வெச்சுகிட்டு யாரு சிக்கெடுத்துகிட்டு இருக்கறது? கட்டி மேய்க்க எனக்கு ஏற்கனவே மூணு பேரு இருக்காங்க. ஆமாக்கா, வெளிநாட்டுக்குத்தான். ஃபிளைட்ல போய் எறங்கி, அங்கயே ஒரு கார வாடகைக்கு எடுத்து, நாமளே ஓட்டிகிட்டு, மலையெல்லாம் ஏறி எறங்கி, கடைசில ஒரு பெரிய ஏரி. குடும்பத்தோட. கேக்கறதுக்கு நல்லாத்தான் இருக்கு. வயசுக்கு வந்த ரெண்டு பிள்ளைங்கள வெச்சுகிட்டு பிளான் போட்டுப் பாருங்க, அப்பத் தெரியும்.

கோவமாவா பேசறேன்? ஆமா, கோவம்தான். ஒளிச்சு வெக்க என்ன இருக்கு. மூணு மாசமா பத்திகிட்டு எரியுது. நான் பல் டாக்டர்கிட்ட வேலை பாக்கறேங்க. வாயத் தொறந்து வெச்சுகிட்டு படுத்திருப்பாங்க, ஒரு வார்த்த திருப்பிப் பேச முடியாது, நான் பாட்டுக்குப் பேசிகிட்டே இருப்பேன். அதே பழக்கம். இன்னிக்கி தலை உங்க கைல, பேச்சு மட்டும் என்னுது. தொந்தரவா இருந்தா சொல்லிடுங்க. நிறுத்த மாட்டேன், சும்மா கேட்டு வெச்சுக்கறேன்.

எங்க வீட்டுக்காரரு இருக்காரே, அவரு லிஃப்ட் மெக்கானிக். என்னக்கா? தெரிஞ்சவங்க யாராச்சும் லிஃப்ட் வேலைல இருக்காங்களா? இல்லையா, சரி. அவருக்கு எல்லாத்துலயும் பாதுகாப்பு. கயிறு அறுந்தா என்ன, கரண்டு போனா என்னன்னே யோசிச்சுப் பழகின மண்ட. சாப்பாட்டு மேஜைல கண்ணாடிக்கு அடில மேப்ப விரிச்சு வெச்சிருக்காரு. தட்ட எங்க வெச்சாலும் ஏதோ ஒரு மலை மேல சாப்புட்டுகிட்டு இருக்கோம். பஞ்சர் ஆனா என்ன பண்ணுவோம், பனி பெய்ஞ்சா என்ன பண்ணுவோம், மாடு குறுக்க வந்தா என்ன பண்ணுவோம். யோவ், ஊர்ப்பட்ட மாட்டுக்கு இதுதான் வேலையா, நீ வருவேன்னு காத்துகிட்டு இருக்கறது? அங்க வேற ரோட்டுல மறுபக்கமா ஓட்டணுமாம். அதுக்கு ஒத்திகை பாக்கறேன்னு, நம்ம வண்டில டிரைவருக்குப் பக்கத்து சீட்டுல உக்காந்துகிட்டு, இல்லாத ஸ்டியரிங்கப் புடிச்சு, இல்லாத கியரப் போடறாரு. வாசல்ல நின்ன வண்டில. பக்கத்து வீட்டம்மா என்னத் தனியாக் கூப்ட்டு, சார் நல்லாத்தான் இருக்காரான்னு கேக்கறாங்க. நான் என்னத்த சொல்ல?

சின்னவன் இருக்கான், அவனுக்கு வீட்ல பேரே வக்கீலு. காருக்குள்ள நெட்டு வருமா, ஜன்னலத் தொறக்க யாருக்கு உரிமை, பாட்டு யாரு போடறது, எல்லாத்துக்கும் வாதாடுவான். ராத்திரி தங்கற ரூம்ல கட்டிலத் தனியாக் குடுக்கலைன்னா நான் குளியல் தொட்டில படுத்துப்பேன்கறான். படுத்துக்கடான்னேன். அவனோட சண்ட போட்டா கூட ஒரு சந்தோஷம்க்கா. கத்துவான், கதவ அடிப்பான், அர மணி நேரத்துல பசிக்குதும்மான்னு வந்து நிப்பான். அதோட முடிஞ்சுது.

பெரியவதான் உசுர வாங்கறா. பதினாறு வயசு. அழுத்தக்காரி. கத்த மாட்டா, அழ மாட்டா. எனக்கு வேணாம், நீங்க போயிட்டு வாங்க. அவ்ளோதான். இந்த ஒரே வாக்கியத்த மூணு மாசமா சொல்றா. செவுத்துல போய் முட்டிக்கலாம் போல இருக்கு.

முதல்ல என்ன சொன்னா, கார்ல போனா குமட்டும்னா. சரின்னு மலை ரோட்டக் கொறச்சு, சுத்து வழியா மாத்தி, மாத்திரையும் வாங்கி வெச்சேன். அப்புறம் முன் சீட்டுல உக்காந்தாத்தான் முடியும்னா. உக்காந்துக்கோம்மான்னேன். பொண்டாட்டி நான், பின்னாடி வக்கீலோட உக்காந்து வரேன்னு ஒத்துகிட்டேன். அடுத்த நாளே பரீட்சன்னா. தேதியவே தள்ளி வெச்சோம். ஸ்கூல்ல போய்க் கேட்டா அப்படி ஒரு பரீட்சையே கெடையாது! எனக்கு எப்படி இருந்திருக்கும் சொல்லுங்க. வந்து கேட்டா மூஞ்சியக் கூட மாத்தல. செடிக்கெல்லாம் யாரு தண்ணி ஊத்துவாங்கறா. செடிக்கு! இருக்கறது ஒரே ஒரு தொட்டி, அதுவும் செத்துப்போய் ரொம்ப நாளாச்சு.

அந்த ஏரியத் தேடிப் புடிச்சதே அவளுக்காகத்தான். அதான் எனக்கு வயிறு எரியுது. அவ அலமாரிக் கதவுக்கு உள் பக்கம் ஒரு படம் ஒட்டி வெச்சிருக்கா. பழைய காலண்டர்லேருந்து கிழிச்சது, ஓரமெல்லாம் மடங்கிப் போச்சு, ஆனா எடுக்க மாட்டா. துணி அடுக்கும்போது பாத்தேன். அடியில ஊர் பேரு போட்டிருந்துச்சு. சரி, இந்தப் பொண்ணுக்குப் புடிச்ச எடம்னு நமக்குத் தெரிஞ்சது இது ஒண்ணுதான், அங்கயே போவோம்னு நான்தான் அவருகிட்ட ஒத்தக் கால்ல நின்னேன். அவரு ரெண்டு நாள்ல திரும்பற மாதிரி பக்கத்துல எங்கயாச்சும் போலாம்னுதான் சொன்னாரு. ஏரின்னு நான் சொன்ன அன்னிக்கி அவ மொகம் போன போக்கு இருக்கே. சந்தோஷத்துல வாயடைச்சுப் போச்சுன்னு நெனச்சேன், மடச்சி.

வலிக்குதுங்க, கொஞ்சம் மெதுவா இழுங்க. பரவால்ல பரவால்ல.

வீட்ல எல்லாரையும் நீ வா போன்னுதான் கூப்புடுவா. அவ அப்பாவ நீ. சின்னவன டேய். என்ன மட்டும் நீங்க, வாங்க. மரியாதன்னு நெனச்சுடாதீங்க. விருந்தாளிய நிக்க வெச்சுப் பேசற மரியாத அது. சரி, என்னன்னு கூப்புடறான்னு கேக்கறீங்களா? ஒண்ணுமே இல்ல. நாலு வருஷமா ஒரு வார்த்த கெடையாது. நான் சமையல்கட்டுல இருந்தா வாசல்ல வந்து நின்னு தொண்டயச் செருமுவா. நான் திரும்பினாத்தான் பேச்சு. நான் வேணும்னே திரும்பாம நின்னு பாத்திருக்கேன். செருமிச் செருமி இருமலே வந்துடுச்சே தவிர கூப்புடலையே! நான் வண்டி ஓட்டிகிட்டு எங்க கூட்டிட்டுப் போனாலும் பின் சீட்டுலதான் ஏறுவா. நான் என்ன டாக்சியா ஓட்டறேன்?

ஆமா. அவருக்கு முதல் சம்சாரத்துப் பொண்ணு. சின்னவன் என்னுது, அவன் அப்பா போய்ச் சேந்துட்டாரு. ரெண்டு ஓட்டக் கொடத்த ஒண்ணா வெச்ச குடும்பம் எங்களுது.

என்னக்கா, கத்தரிய நிறுத்திட்டீங்க? கை வலியா? சரி, நில்லுங்க, எனக்கொண்ணும் அவசரம் இல்ல. ஒரு பக்கம் நீளம், ஒரு பக்கம் குட்ட. இப்படியே எந்திரிச்சு ஓடவும் முடியாது.

நேத்து சாயங்காலம் பெரிய சண்ட. திங்கக்கெழம டிக்கெட் எடுத்தாகணும், நாலா மூணான்னு முடிவு சொல்லுன்னு அவரு ஆரம்பிச்சாரு. எனக்கு வேணாம், நீங்க போயிட்டு வாங்க. மறுபடியும் அதே! அவரு குதிகுதின்னு குதிச்சுட்டு, அப்ப மூணே எடுத்துடறேன்னுட்டாரு. எடுக்கக் கூடாதுன்னு நான் கத்தினேன். ஏன்னு கேக்கறாரு. ஏன்னா, அவரும் நானும் என் புள்ளையும் போய் நின்னு போட்டோ புடிச்சுகிட்டு வந்தா, அதுதான் குடும்பம்னு ஆயிடும். அவ வீட்டப் பாத்துக்கற வெளியாளு. அதுக்கப்புறம் எத்தன சீட்டக் குடுத்தாலும் அவ உள்ள வர மாட்டா. இது அந்த மனுஷனுக்குப் புரியல. லிஃப்ட்டுல மாட்டிகிட்டவங்கள எல்லாம் வெளிய எடுக்கத் தெரியுது, சொந்தப் பொண்ணு எங்க மாட்டிகிட்டு நிக்கறான்னு பாக்கத் தெரியல!

அவ ரூமுக்குப் போய் கதவச் சாத்திகிட்டா. நான் வக்கீலப் புடிச்சு உலுக்கினேன். ரெண்டும் எதுத்தாப்புல அடிச்சுக்குமே தவிர, ரகசியமெல்லாம் ஒண்ணுக்கொண்ணு. சொல்ல மாட்டேன்னான். அவன் கண்ணு கலங்கிடுச்சு. அப்புறம் சொன்னான். அம்மா, அந்த ஏரிக்கு மட்டும் அவ நம்மளோட வர மாட்டாம்மா. அவங்கம்மா கார் ஓட்டக் கத்துகிட்டு அவள அங்க கூட்டிட்டுப் போறேன்னு சொல்லியிருக்காங்களாம். ரெண்டு பேர் மட்டும். இவ பால் பல்லு விழுந்த வயசுலேருந்து. அந்தப் படத்த ஒட்டினதே அவங்கதானாம்.

அவ ஏன் வாயத் தொறக்கல தெரியுமா? சொன்னா அவ அப்பா சிரிப்பாரு. அவளா? காரா? ஓட்டப்போறாளான்னு கேப்பாரு. அந்தச் சிரிப்பு அவங்கம்மா மேல விழக்கூடாதுன்னு, பரீட்சன்னு பொய் சொல்லி, செத்த செடிக்குத் தண்ணின்னு சொல்லி, எங்ககிட்ட திமிரு புடிச்சவன்னு பேரு வாங்கிகிட்டு நிக்கறா. நானே எத்தன தடவ சொல்லியிருப்பேன், திமிருன்னு. எரியாதா?

கண்ணாடிலயே என்னப் பாத்துகிட்டு நிக்காதீங்கக்கா. ஆமா. நான்தான்.

ஞாயித்துக்கெழம அவள இந்தத் தெரு முனைல எறக்கி விடறது யாருன்னு நெனச்சீங்க? முனைக்கு மேல வண்டி வரக்கூடாதும்பா. சாயங்காலம் திரும்பி வரும்போது முடி அழகா திருத்தியிருக்கும். யாரு வெட்டினதுன்னு ஒரு நாள் கேட்டேன், அம்மான்னா. அதச் சொல்லும்போது மட்டும் ஒரு சிரிப்பு. போர்டு இருக்கற முடி வெட்டற கடை இந்தத் தெருவுல ஒண்ணுதானே இருக்கு.

உக்காருங்க. உங்களுக்கும் அவருக்கும் நடந்தத நான் கேக்கல, எனக்கு அது தேவையும் இல்ல. அக்கான்னு கூப்ட்டது கிண்டலுக்கும் இல்ல. ஆனா நல்லா கோவமாத்தான் வந்திருக்கேன். ஒரு சின்னக் குழந்தைகிட்ட அவ்ளோ பெரிய வார்த்தயக் குடுத்துட்டு, வருஷக்கணக்கா என்னதான் பண்ணீங்க? ஒரு கிளாஸாச்சும் போனீங்களா? போனீங்களா. அப்புறம்? ஒரு தடவ இடிச்சுட்டீங்க. சரி, இடிக்காம யாரு கத்துகிட்டா? அதோட நிறுத்திட்டீங்க. அத அவகிட்ட சொன்னீங்களா? இல்ல. அடுத்த வருஷம், அடுத்த வருஷம்னு அவ முடியச் சீவிகிட்டே சொல்லிகிட்டு இருந்திருக்கீங்க. அவ நம்பறாக்கா! பதினாறு வயசுப் பொண்ணு, வேற எதையும் நம்பாது, இத நம்புது!

அழுங்க, வேணாங்கல. இப்பவே அழுது முடிச்சுடுங்க. ஞாயித்துக்கெழம அவ முன்னாடி ஒரு சொட்டு வரக்கூடாது. கொரல் கொஞ்சம் கம்மினாக்கூட கண்டுபுடிச்சுடுவா, அப்புறம் ஜென்மத்துக்கும் ஃபிளைட் ஏற மாட்டா. அம்மாவால இன்னும் முடியலடி, நீ போய்ப் பாத்துட்டு வந்து எனக்குச் சொல்லுன்னு நல்லா சிரிச்சுகிட்டே சொல்லுங்க. நீங்க சொன்னாத்தான் போவா. நான் தலகீழா நின்னாலும் போக மாட்டா, நின்னு பாத்துட்டேன்.

முடியாதா? அப்படிச் சொல்ல மனசு வரலையா?

சரி. அப்ப ஒண்ணு பண்ணுங்க. நாங்க போகல. டிக்கெட்டும் எடுக்கல. அவருகிட்ட நான் சண்ட போட்டுக்கறேன், அது எனக்குப் பழக்கம். நீங்களே கூட்டிட்டுப் போங்க. அடுத்த வருஷம்னு சொல்லாதீங்க, மாசத்தச் சொல்லுங்க. வண்டி நான் கொண்டு வரேன். நாளைக்குக் காலைல கடை தொறக்கறதுக்கு முன்னாடி வந்து நிக்கறேன், ஏறி உக்காருங்க. ஓட்ட நானே சொல்லித் தரேன். திட்டுவேன், நல்லாவே திட்டுவேன், அதெல்லாம் மனசுல வெச்சுக்கக் கூடாது. பெரியவளுக்கு மட்டும் நான்தான் சொல்லிக் குடுத்தேன்னு தெரிய வேணாம்.