நாலு நிமிஷம் ஊற்றுகிறவன்

எனக்கு எதையும் வேகமாக ஊற்ற வராது, ஐயா. வீட்டில் டீ ஊற்றினால் டம்ளர் நிரம்புவதற்குள் ஆறிவிடும். குடிக்கிறவன் நான் ஒருவன்தான் என்பதால் இதுவரை புகார் வந்ததில்லை.

ஆய்வுக்கூடத்தின் அடித்தளத்தில், தீப்பிடிக்கும் திரவங்கள் வைக்கிற அறைக்குப் பதினொரு வருஷமாக நான்தான் பொறுப்பு. மாடிகளுக்கு வேண்டிய கரைப்பானைப் பெரிய டிரம்மிலிருந்து கேனில் ஊற்றித் தருவேன். சும்மா ஊற்றக்கூடாது. தலை சீவினால் சீப்பு சடசடக்குமே, அந்த மின்சாரம் ஊற்றும்போது கேனிலும் சேரும். ஒரு பொறி போதும். அதனால் டிரம்மையும் கேனையும் கிளிப் வைத்த செம்புக் கம்பியால் இணைத்துவிட்டு, மெதுவாக ஊற்ற வேண்டும். இதெல்லாம் சட்டம். ஒருவர் ஊற்றும்போது இன்னொருவர் பக்கத்தில் இருந்து கிளிப்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது மட்டும் நானாகப் போட்ட சட்டம். எந்தப் புத்தகத்திலும் கிடையாது. யாரும் தேடிப் பார்க்கவும் இல்லை.

ஒரு கேனுக்கு நாலு நிமிஷம். அந்த நாலு நிமிஷமும் என் பக்கத்தில் ஒரு மனுஷர் இருப்பார்.

பெரும்பாலும் வருவது மூன்றாம் மாடிப் பெண். கண்ணாடிக்காரி என்றுதான் கூப்பிடுவேன். ஸ்டூலில் உட்கார்ந்து மாமியார் வீட்டுச் சண்டை முதல் மகளின் பல்வலி வரை சொல்லுவாள்.

"அண்ணே, நீங்க ஊத்தி முடிக்கறதுக்குள்ள எனக்கு நரை விழுந்துடும்."

"விழட்டும்மா. நரைக்குச் சாயம் பூசிக்கலாம். வெந்த கைக்கு என்னத்தப் பூசுவே?"

தினமும் இதே பேச்சு. தினமும் சிரிப்பாள்.

போன மாதம் எல்லா மாடிக்கும் சேர்த்து மூன்றாம் மாடியிலேயே ஊற்றிக்கொள்ள ஒரு சின்ன அறை கட்டினார்கள். புது டிரம், புதுக் கம்பி. அவளே இறங்கி வந்து, "இனிமே உங்களுக்கு நிம்மதிதான், அண்ணே" என்று சொல்லிவிட்டுப் போனாள். நானும் பல்லைக் காட்டினேன். அப்புறம் பத்தொன்பது நாள் யாரும் வரவில்லை. டிரம்களிடம் பேசிப் பார்த்தேன். பொறுமையாகக் கேட்கின்றன, ஆனால் மாமியார் கிடையாது.

இருபதாம் நாள் காலையில் மேலே போய் அந்தக் கம்பியைக் கழற்றி எடுத்து வந்தேன். கம்பி இல்லாவிட்டால் ஊற்ற முடியாது. ஊற்ற முடியாவிட்டால் என்னிடம்தானே வர வேண்டும். கம்பி இல்லாமல் ஊற்றாதே என்று அவளுக்குப் படித்துப் படித்துச் சொன்னவனே நான்தான்.

பதினொரு மணிக்குப் போன் அடித்தது. மூன்றாம் மாடி எண். எடுக்கவில்லை. போனில் கேட்டால் போனிலேயே முடிந்துவிடும், நேரில் வரட்டும் என்று விட்டேன். ஏழு முறை அடித்து நின்றது. எழுந்து ஸ்டூலைத் துடைத்துப் போட்டேன்.

கொஞ்ச நேரத்தில் படியில் காலடிச் சத்தம். ஒருவர் இல்லை, நிறையப் பேர். பொய் சொல்வானேன், சந்தோஷமாகத்தான் இருந்தது. புகை வாடை அப்புறம்தான் வந்தது.

அவள் கண்ணைக் கண்ணாடி காப்பாற்றிவிட்டதாம். கை இரண்டும்தான் போய்விட்டது என்கிறார்கள்.

ஆமாம், எடுத்தது நான்தான். கம்பி அந்த நேரம் முழுக்க என் பையில்தான் இருந்தது. இறங்கி வந்து ஒரு வார்த்தை கேட்டிருந்தால் கொடுத்திருக்க மாட்டேனா, ஐயா?