மரியாதையான வார்த்தைகள் மட்டும்

டீச்சர்: சிரிக்காதீங்கண்ணா.

டிரைவர்: நான் எங்க சிரிச்சேன்?

டீச்சர்: உங்க மீசை சிரிக்குது. மேடம் உள்ள போன்ல மன்னிப்புக் கேட்டுக்கிட்டிருக்காங்க. போனை வெச்சதும் நம்மளைத்தான் கூப்பிடுவாங்க.

டிரைவர்: சரி, சிரிக்கல. இன்னொரு தடவை சொல்லுங்க. என் பொண்ணு சுண்டு யாரைப் பார்த்து...

டீச்சர்: வகுப்பைப் பார்க்க வந்த அதிகாரியை.

டிரைவர்: பெரிய அதிகாரியா?

டீச்சர்: கார் கதவை வேற ஒருத்தர் திறந்துவிட்டார். பேச்சு வராத பிள்ளை, கண்ணு தெரியாத பிள்ளை எல்லாம் மத்தவங்களோட ஒண்ணா உட்கார்ந்து படிக்குதாமே, காட்டுங்கன்னு வந்தார். ஒருத்தன் காதுல மாட்டிப் பாடம் கேட்கிறான், ஒருத்தி எழுத்தைப் பெரிசாக்கிப் படிக்கிறா... எல்லாத்துக்கும் தலையாட்டினார். சுண்டுகிட்ட வந்ததும், அவ படத்தைத் தட்டிப் பேசுற டேப்லெட்டைக் கையிலேருந்து வெடுக்குனு...

டிரைவர்: பிடுங்கினாரா?

டீச்சர்: "இது வழியாத்தான் பேசுதா பாப்பா?"ன்னு அவர் பாட்டுக்கு அவ படத்தையெல்லாம் தட்டினார். தண்ணி, நன்றி, பாத்ரூம், நன்றி, பாத்ரூம், பாத்ரூம்...

டிரைவர்: அடுத்தவங்க வாய்க்குள்ள கையை விட்ட மாதிரில்ல இருக்கு!

டீச்சர்: அவ எழுந்து நின்னு திரும்ப வாங்கிக்கிட்டா. தட்டினா. கொஞ்ச நேரம் தேடினா. நானும் வணக்கம் சொல்லப்போறான்னு பெருமையா நிக்கிறேன். வகுப்புல ஈ பறந்தாக் கேட்கும்...

டிரைவர்: சொல்லுங்க, சொல்லுங்க.

டீச்சர்: "போடா தடிமாடு."

டிரைவர்: க்ஹும்... க்ஹும்...

டீச்சர்: அண்ணா!

டிரைவர்: இருமல், டீச்சர். ரோட்டுப் புழுதி. டேப்லெட்டுல வருமே, செய்தி வாசிக்கிற அம்மா மாதிரி, அந்தக் குரல்லயா?

டீச்சர்: அதே குரல்தான். நிறுத்தி, நிதானமா.

டிரைவர்: அந்தம்மா வாயில வந்தா திட்டு கூட விருது குடுக்கிற மாதிரி இருக்குமே. பிள்ளைங்க என்ன பண்ணினாங்க?

டீச்சர்: கைதட்டினாங்க.

டேப்லெட்: தண்ணி.

டீச்சர்: இந்தா சுண்டு. மெதுவாக் குடி.

டேப்லெட்: நன்றி.

டிரைவர்: பாருங்க, எவ்வளவு மரியாதை தெரிஞ்ச பிள்ளை!

டீச்சர்: விளையாடாதீங்க. மேடம் முடிவு பண்ணிட்டாங்க. அந்த வார்த்தையை யார் உள்ள வெச்சாங்கன்னு தெரிஞ்சா அந்த ஆளைக் கேட்டுக்குவாங்க, பிள்ளையை விட்டுடுவாங்க. தெரியலைன்னா டேப்லெட்டைப் பூட்டிடுவாங்க. தண்ணி, பாத்ரூம், நன்றி, தயவுசெய்து. அவ்வளவுதான். மத்த படமெல்லாம் போயிடும்.

டிரைவர்: என் போட்டோ வெச்ச படம் ஒண்ணு இருக்கே. அப்பான்னு...

டீச்சர்: அதுவும்தாண்ணா.

டேப்லெட்: அப்பா.

டிரைவர்: என்னம்மா?

டேப்லெட்: அப்பா.

டிரைவர்: இங்கதான் இருக்கேன். சொல்லு.

டீச்சர்: சும்மாதான் கூப்பிடுறா.

டிரைவர்: கூப்பிடட்டும்.

டீச்சர்: ...புதுப் படம் சேர்க்க ரகசிய எண் வேணும். அது ரெண்டு பேருக்குத்தான் தெரியும். எனக்கும் உங்களுக்கும்.

டிரைவர்: அப்ப ஏன் என்னையே பார்க்கிறீங்க?

டீச்சர்: பஸ் ஓட்டுறது யாரு? நானா?

டிரைவர்: ஸ்டியரிங் பிடிச்சவன் எல்லாம் கண்டபடி பேசுவானா?

டீச்சர்: உங்க பஸ்ல நான் வந்திருக்கேண்ணா.

டிரைவர்: அது... அந்த லாரிக்காரன் குறுக்க வந்தான்.

டீச்சர்: அவன் அப்பன், தாத்தன் எல்லாருமா குறுக்க வந்தாங்க?

டிரைவர்: ஏன், நீங்க வெச்சிருக்கக் கூடாதா?

டீச்சர்: நானா! நான் டீச்சர்ணா.

டிரைவர்: டீச்சருக்குத் திட்டத் தெரியாதாக்கும். எங்க கணக்கு டீச்சர் என்னைத் திட்டினதைத்தான் நான் இன்னமும் ரோட்டுல செலவு பண்ணிக்கிட்டிருக்கேன்.

டீச்சர்: பேச்சை மாத்தாதீங்க.

டிரைவர்: மாத்தல. ஆனா ஒண்ணு கேட்கிறேன். மத்த பிள்ளைங்க எல்லாம் வாய்க்கு வந்ததைப் பேசுது. இவளுக்கு மட்டும் ஏன் பொறுக்கி எடுத்த நல்ல வார்த்தையா...

டீச்சர்: அப்ப நீங்கதான்.

டிரைவர்: பொதுவாச் சொன்னேன்.

டீச்சர்: பொதுவா நானும் அதைத்தான் நினைச்... விடுங்க.

டிரைவர்: என்ன நினைச்சீங்க?

டீச்சர்: ஒண்ணுமில்ல. ஊஞ்சல் வரிசையில நிப்பா. இவ முறை வரும்போது எவனாவது புகுந்துடுவான். இவ "தயவுசெய்து"ன்னு தட்டுவா. அவன் ஆடிக்கிட்டே இருப்பான், இவ தட்டிக்கிட்டே இருப்பா. மணி அடிச்சிடும்.

டிரைவர்: இப்பவுமா?

டீச்சர்: இல்ல, இப்பல்லாம் ஊஞ்சல் கிடைக்குது. ரெண்டு பொண்ணுங்க கூடவே சுத்துறாங்க. நேத்து ஒருத்தியோட சண்டை, சாயங்காலம் அவ தோள்லயே கை போட்டுக்கிட்டு வர்றா.

டிரைவர்: எப்படித் திடீர்னு?

டீச்சர்: ...எப்படியோ.

டிரைவர்: சரி டீச்சர். மறைக்கல, சொல்லிடறேன். எங்க தெருவுல ஒருத்தன் இவளைப் பிடிச்சுத் தள்ளிட்டான். முட்டி கிழிஞ்சு ரத்தம். கீழ கிடந்துக்கிட்டே இவ ஒண்ணு தட்டினா. என்ன தட்டினான்னு நினைக்கிறீங்க?

டீச்சர்: என்ன?

டிரைவர்: "நன்றி."

டீச்சர்: தள்ளினவனுக்கா?

டிரைவர்: கைக்கு எட்டினது அதுதான். கோவத்துக்கு வேற என்ன இருக்கு அதுல? அன்னிக்கே உட்கார்ந்து வெச்சேன். மேடம்கிட்ட என் பேரைச் சொல்லுங்க. ரெண்டு திட்டு வாங்கிக்கிறேன், பழகின உடம்புதான்.

டீச்சர்: எந்த இடத்துல வெச்சீங்க?

டிரைவர்: மிருகம் எல்லாம் இருக்கிற பக்கம். எருமைக்கு அடுத்தது. தடிமாடு.

டீச்சர்: "போடா"வையும் சேர்த்து ஒரே படமாத்தானே?

டிரைவர்: இல்லையே. தடிமாடு மட்டும்தான்.

டீச்சர்: நல்லா யோசிங்கண்ணா.

டிரைவர்: இதுல யோசிக்க என்ன இருக்கு? போடா ஏற்கெனவே இருந்துச்சு. விளையாட்டுச் சாமான் பக்கத்துல, பந்துக்குக் கீழ. இந்த டேப்லெட்டைச் செஞ்சவனே வெச்சிருக்கான், விவரமான மனுஷன்னு நினைச்சுக்கிட்டேன்.

டீச்சர்: அப்ப ரெண்டும் வேற வேற பக்கத்துலயா இருக்கு?

டிரைவர்: என்னாச்சு? முகம் ஏன் இப்படிப் போகுது?

டீச்சர்: விளையாட்டுச் சாமான்ல ஒண்ணைத் தட்டியிருக்கா. அப்புறம் அங்கேருந்து வெளிய வந்து, மிருகங்களுக்குப் போயி, தேடி எடுத்து...

டிரைவர்: தப்புதான். அதான் ஒத்துக்கிட்டேனே.

டீச்சர்: ஐயோ, புரியலையாண்ணா! "தண்ணி" தட்டு, "வேணும்" தட்டு, ரெண்டையும் சேரு கண்ணு, சேருன்னு தொண்டைத் தண்ணி வத்தக் கத்தியிருக்கேன். ஒரு தடவையாவது சேர்த்தாளா?

டிரைவர்: எங்க... எப்பவும் ஒத்தை வார்த்தைதானே...

டீச்சர்: அதைத்தான் சொல்றேன்!

டிரைவர்: ...டீச்சர், அழறீங்களா?

டீச்சர்: இருமல்.

தலைமை ஆசிரியை: ரெண்டு பேரும் உள்ள வாங்க. விசாரிச்சீங்களா டீச்சர்? பிள்ளைக்கு அப்படிப் பேசச் சொல்லிக் குடுத்தது யாரு?

டிரைவர்: நான்தான் மேடம். முழுசும் நான்தான், டீச்சருக்கு ஒண்ணும்...

டீச்சர்: நீங்க சும்மா இருங்கண்ணா. மேடம், தடிமாடு இவர் வெச்சது. போடா நான் வெச்சது. ரெண்டையும் சேர்த்துப் பேச யாரும் சொல்லிக் குடுக்கல, அது அவளே பேசினது.