ஆறு தடவை சொன்ன சாட்சி

— மறுபடியும் அடுத்த மாசம்னு சொல்லிட்டீங்களாமே, நடராஜண்ணாச்சி! போதகரையா என்னைப் பிடிச்சுக்கிட்டார். "ஞானாபரணம், நீ எழுத்துச் சொல்லிக் குடுக்கிற ஆள் மூணாந் தடவையா ஞானஸ்நானத்தைத் தள்ளிப் போடுதான், போய் என்னன்னு கேட்டுட்டு வா"ங்கார்.

— வாங்க வாத்தியாரே, உள்ள வாங்க. அந்த முக்காலிய இழுத்துப் போட்டுக் குந்துங்க. தொரை வூட்டுல இன்னிக்கு எட்டுப் பேருக்குச் சாப்பாடு. வெங்காயம் கண்ணக் கரிக்கும், பரவால்லியா?

— குசினிக்குள்ள நான் வரலாமா? தொரைசானி ஒண்ணும் சொல்ல மாட்டாங்களே?

— அந்தம்மா குதிர ஓட்டம் பாக்கப் போயிருக்கு. வெளக்கு வைக்கிறதுக்கு முன்னாடி வராது. இன்னாத்துக்கு இவ்ளோ வேர்வை? டாலிகஞ்சு வரைக்கும் டிராமுல நின்னுக்கிட்டே வந்தீங்களா?

— சனிக்கிழமை, அரை நாள் ஆபீஸ். நேரா வாரேன். அண்ணாச்சி, மூணு விஷயமா வந்திருக்கேன். விட்டுப் போயிரக் கூடாதுன்னு சீட்டிலே எழுதியே கொண்டு வந்திருக்கேன்.

— சீட்டு இல்லாம நீங்க என்னிக்குப் பேசுனீங்க? படிங்க, படிங்க.

— ஒண்ணு. ஞானஸ்நானத்தை ஏன் தள்ளிப் போடுதீங்க?

— மொதத் தடவ வண்ணான் சட்டையக் கொண்டாரல. ரெண்டாந் தடவ தொரைக்கு விருந்து. மூணாந் தடவ...

— சளின்னீங்க.

— ஆமா, சளி. தலையில தண்ணி பட்டா ஒத்துக்காது.

— மூணு கைத் தண்ணி அண்ணாச்சி! ஊத்தின உடனே துடைக்கத் துண்டும் குடுப்பாங்க.

— சரி சரி. ரெண்டாவது இன்னா?

— ஒண்ணுக்கே நீங்க ஒழுங்காப் பதில் சொல்லலையே.

— ரெண்டாவதச் சொல்லுங்க. ஒண்ணாவது அதும்பாட்டுக்கு வரும்.

— ரெண்டாவது... அண்ணாச்சி, நீங்க குடியை விட்டு எத்தனை மாசம் ஆச்சு?

— பதினாலு. காமுவக் கேட்டா நாள் கணக்கே சொல்லுவா. போன வாரம் பாருங்க, இந்தக் கல்கத்தாப் பொம்பளைங்க மாதிரி ரெண்டு கையிலயும் சங்கு வளையல மாட்டிக்கிட்டு வந்து நிக்கறா. ஏண்டி, காளிகாட்டுல இதாண்டி வெல ஜாஸ்தி, ரெண்டே நாள்ல உடஞ்சி போவுமேன்னேன். "இனிமே உடையாது"ன்னா. அவ்ளோதான் சொன்னா. நான் மூஞ்சத் திருப்பிக்கிட்டுத் தேங்கா துருவப் போயிட்டேன்.

— மதினி அப்படியா சொன்னா?

— பொண்டாட்டிய அடிச்ச கைக்கு அந்த வார்த்த எப்பிடி இருக்கும்னு உங்களுக்குத் தெரியாது. அதுக்காகத் தெனம் ஒரு தபா ஸ்தோத்திரம் சொல்றேன். நீங்க கத்துக்குடுத்த மாதிரி கைகட்டிச் சொல்ல வரல. கரண்டிய வச்சிக்கினே சொல்றேன்.

— இதைக் கேட்ட பிறகு எனக்கு இன்னும் பயமா இருக்கு.

— நல்ல சேதி கேட்டு பயப்படற ஆள இப்பத்தான் பாக்கறேன்.

— அண்ணாச்சி, நீங்க சபைக்கு வந்தது என் சாட்சியைக் கேட்டுத்தானே?

— ஆமா. கூட்டத்துல எழுந்து நின்னு சொன்னீங்களே. காளிகாட்டு ஓடைக்கரையில நிதாய் ஷா சாராயக் கடையே கதின்னு கெடந்தேன், பெத்த தாயி காதுப் பாம்படத்தத் திருடி வித்துக் குடிச்சேன், பெஞ்சுக்கு அடியில விழுந்து கெடந்தப்போ கர்த்தர் கூப்பிட்டார்னு. பொம்பளைங்க அத்தினி பேரும் மூக்கச் சிந்துனாங்க. அப்பாலே சபைப் பத்திரிகையில கூடப் போட்டாங்க.

— அது பொய்.

— இருங்க, அடி புடிக்குது. கொஞ்சம் தண்ணி தெளிச்சிட்டு வரேன். ம். இன்னா சொன்னீங்க?

— பொய்னேன். நான் ஒரு சொட்டுக் குடிச்சதில்லை. அந்தக் கடைக்குள்ள காலே வச்சதில்லை.

— அப்ப ஏன் சொன்னீங்க?

— எங்கப்பா பாளையங்கோட்டைப் பக்கம் உபதேசியார். பிறந்த நாப்பதாம் நாளே எனக்கு ஞானஸ்நானம். நடக்குததுக்கு முன்னாடியே ஜெபம் தெரியும். ஒருத்தனை அடிச்சதில்லை, ஒரு சுருட்டை மோந்து பாத்ததில்லை. கல்கத்தா வந்த புதுசிலே சாட்சிக் கூட்டத்துக்குப் போனேன். வரிசையா எழுந்திருக்காங்க. ஒருத்தர் சூதாட்டம்ங்கார், ஒருத்தர் அபின்ங்கார். ஒவ்வொருத்தர் முகமும் அழுது கழுவின மாதிரி பளிச்சுன்னு இருக்கு. என் முறை வந்துது. என்கிட்ட என்ன இருக்கு? நான் நல்ல பையன்னு சொன்னா எவன் ஸ்தோத்திரம் சொல்லுவான்? காலையிலே டிராமிலே வரும்போது அந்தக் கடையோட இங்கிலீஷ் பலகையை வாசிச்சிருந்தேன். வாயிலே அதுதான் வந்துது.

— பாம்படம்?

— அது மூணாந் தடவை சொல்லும்போது சேத்தது. ஆறு தடவை சொல்லியிருக்கேன் அண்ணாச்சி. எப்ப எதைச் சேத்தேன்னு இந்தச் சீட்டுக்குப் பின்னால இருக்கு. முதல் தடவை வெறும் குடி. ரெண்டாவது பெஞ்சு. மூணாவது பாம்படம். நாலாவதிலே தடுக்க வந்த அம்மாவை நெட்டித் தள்ளினேன்னு...

— அடப்பாவி!

— அதைத்தான் நானும் சொல்லுதேன்.

— பெத்த தாயப் போயி... சரி, மேல சொல்லுங்க.

— அந்தப் பத்திரிகையை ஊர்லே யாரோ அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டியிருக்காங்க. அவளுக்கு எழுத்துத் தெரியாது. முந்தாநாள் தங்கச்சி கடுதாசி போட்டிருந்தா. அம்மா பாம்படத்தைக் கழட்டிப் பெட்டியிலே பூட்டிட்டாளாம். மூணு மாசமா வெறுங்காதோட கோயிலுக்குப் போறாளாம். ஏம்மான்னு கேட்டதுக்கு, "இது என் காதிலே கிடந்தா, என் மகன் பொய் சொல்லிட்டான்னு நாலு பேருக்குத் தெரிஞ்சு போகும்லா"ன்னாளாம்.

— ஐயோ.

— தோள் வரைக்கும் தொங்குற காது அண்ணாச்சி. கல்யாணம் ஆன நாளிலேர்ந்து அது வெறுமையா இருந்ததில்லை. விக்காத நகையை நான் வித்துட்டேன்.

— தண்ணி குடிங்க. அந்த மண்கூஜாவுல இருக்கு.

— வேண்டாம். இப்ப நிறுத்திட்டா மூணாவதைச் சொல்ல மாட்டேன். நாளைக்குச் சாட்சிக் கூட்டத்திலே எழுந்து எல்லாத்தையும் சொல்லப் போறேன். அதுக்கு முன்னாடி உங்ககிட்ட சொல்லணும். ரெண்டு நாளா எனக்குச் சோறு இறங்கலை. நீங்க என் பொய்யை நம்பி வந்தவர். அது பொய்னு தெரிஞ்சு பழையபடி குடிக்கப் போயிட்டீங்கன்னா? மதினி கை வளையலை நானே உடைச்ச மாதிரில்லா ஆகும்! சரி, சொல்லாம இருந்துரலாம்னா, என் ஜெபம் கூரையைத் தாண்ட மாட்டேங்குது. கண்ணை மூடினா கிறிஸ்துவுக்கும் எனக்கும் நடுவிலே அந்த நிதாய் ஷா கடை வந்து நிக்குது. நான் போகவே போகாத கடை!

— ஹஹ்ஹா!

— சிரிக்கிதீங்களா? அண்ணாச்சி, நான் உயிரைக் கையிலே பிடிச்சுக்கிட்டுச் சொல்லுதேன்.

— வாத்தியாரே, நிதாய் கடையில பெஞ்சே கெடையாது.

— என்ன?

— பெஞ்சு கெடையாதுன்றேன். செங்கல்லுதான். ஆளுக்கு ரெண்டு செங்கல்லு. கண்ணாடித் தம்ளர் கைதவறி உடஞ்சிதுன்னு வேற சொன்னீங்க. அங்க ஏது கண்ணாடி? மண் குவள. குடிச்சிட்டு ஓடையில வீசிட்டுப் போவணும்.

— உங்களுக்கு எப்படி...

— பதினோரு வருசம் அந்தச் செங்கல்லு மேல குந்தியிருக்கேன். உள்ள யாரு இருக்கான்னு இருமல வச்சே சொல்லுவேன். ஒரு நாள் காமு வந்து, "நிதாய் கடையில கெடந்த மதராசி ஒருத்தன் திருந்திட்டானாம், நீயும் வந்து கேளேன்"ன்னா. அட, நமக்குத் தெரியாத நம்ம கடை ஆளு யாருடா அதுன்னு பாக்கத்தான் வந்தேன். பாத்தா, கஞ்சி போட்ட காலரு, படிய வாரின தல, கையில சீட்டு. சாராய வாடைக்கே வாந்தி எடுக்கற மூஞ்சி!

— முதல் நாளே தெரியுமா உங்களுக்கு?

— மொத நாளே.

— தெரிஞ்சும் ஏன் சும்மா இருந்தீங்க?

— சும்மா இருக்கணும்னு வரல. எழுந்து "புளுகுடா"ன்னு கத்திட்டு, ரெண்டு பேர சிரிக்க வச்சிட்டு, நேராக் கடைக்குப் போலாம்னுதான் இருந்தேன். அதுக்குள்ள ஒண்ணு தோணிச்சு. என் ஆயுசுல அத்தினி பேரும் "நான் குடிக்கல, நான் குடிக்கல"ன்னுதான் பொய் சொல்லிக் கேட்டிருக்கேன். நானும் தெனம் காமுகிட்ட அதத்தான் சொல்லுவேன். இங்க ஒரு சோக்கான புள்ள, "நானும் குடிகாரன்தான்"னு பொய் சொல்லிக்கினு எங்க பக்கத்துல வந்து நிக்குது. இன்னாடா இது கூத்துன்னு அப்பிடியே குந்திட்டேன். அப்பாலே போதகரையா எழுந்தாரு. ஒரு தப்பும் பண்ணாத ஒருத்தரு, தப்புப் பண்ணவங்க கூட்டத்துல, அவங்கள்ல ஒருத்தரா நின்னாருன்னாரு. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு.

— அண்ணாச்சி, தயவு செஞ்சு அதையும் என்னையும் சேத்துப் பேசாதீங்க.

— எங்க சேத்தேன்? நீங்க ஸ்தோத்திரம் வாங்க நின்னீங்க, அவரு எனக்காக நின்னாரு. இந்த வித்தியாசம் குடிகாரனுக்குத் தெரியாதா? நீங்க சொன்ன கதைய நம்பி நான் வரல வாத்தியாரே. கதைக்கு அந்தாண்ட நின்னவரப் பாத்துட்டேன். அன்னிக்கு வூட்டுக்குப் போற வழியில கடை வந்திச்சு. காலு தானா நின்னுச்சு. "சாமி, நீ இந்தச் செங்கல்லு மேலயும் வந்து என் பக்கத்துல குந்துவியா?"ன்னு கேட்டேன். காலு நடந்திச்சு.

— அவ்வளவுதானா?

— தெனமும் அவ்ளோதான். நேத்துக் கூட நின்னுச்சு. நேத்துக் கூடக் கேட்டேன். இந்த அடுப்பப் பாருங்க. ஒரு கரிய இடுக்கியால எடுத்துத் தனியா வச்சா, செத்த நேரத்துல கருத்துப் போயிடும். தணலோட ஒட்டிக் கெடந்தாத்தான் அதும் நெருப்பு. கரிக்குன்னு சொந்தமா ஒண்ணும் இல்ல. நான் கரி. அது தெரிஞ்சு போச்சு, அதனால ஒட்டிக்கினு கெடக்கறேன்.

— பாவமே இல்லைங்கிற நினைப்பிலே நான் அடுத்தவன் பாவத்தை எடுத்துப் போட்டுக்கிட்டேன் அண்ணாச்சி. போட்டுக்கிட்டதே என் பாவமாயிட்டுது. நாப்பதாம் நாளிலேர்ந்து அவர் பேரைச் சொல்லுதேன். எனக்கு அவர் வேணும்னு முந்தாநாள்தான் தெரிஞ்சுது.

— தெரிஞ்சா நல்லதுதானே? அதுக்கு இன்னாத்துக்கு அழுவுறீங்க?

— வெங்காயம்.

— வெங்காயம் வதங்கி அர மணி ஆச்சு.

— சரி, அழுதேன். போதுமா? பதினாலு மாசம் தெரிஞ்சு வச்சுக்கிட்டு, என் முன்னாடி உக்காந்து அ, ஆ படிச்சீங்களே. ஒரு நாளாவது கேட்டிருக்கலாம்லா?

— நான் புடிச்சிருந்தா நீங்க மாட்டிக்கின ஆளு. அவ்ளோதான். வேற ஊருக்கு மாத்தல் வாங்கிக்கினு ஓடியிருப்பீங்க. நீங்களா வரணும்னு இருந்தேன். உங்ககிட்டதான் சொல்லல. சொல்ல வேண்டியவர்கிட்ட தெனம் சொல்லிக்கினுதான் இருந்தேன்.

— எனக்காகவா?

— வேற யாருக்காக? எனக்குத் தெரிஞ்ச வாத்தியாரு நீங்க ஒருத்தர்தானே.

— அண்ணாச்சி, அம்மாவுக்கு எழுதிட்டேன். "பாம்படத்தை எடுத்துப் போட்டுக்கோ. உன் மகன் குடிகாரன் இல்லை, பொய்யன். கர்த்தர்கிட்ட மன்னிப்புக் கேட்டுட்டேன், உன்கிட்டயும் கேக்கேன்"னு. வார வழியிலே தபால் பெட்டியிலே போட்டேன். டிராமிலே ஏறி நின்னதும், யாரும் கேக்காம, சீட்டிலே எழுதாம, வாய்க்குள்ளேயே ஒரு நன்றி சொன்னேன். ரெண்டு வருஷத்திலே அது ஒண்ணுதான் நிஜமா நான் சொன்னது.

— நாளைக்குச் சபையில சொன்னா பேரு போயிடும்.

— போகட்டும். பத்திரிகைக்கும் எழுதிப் போடச் சொல்லணும். உங்களுக்கு எழுத்துச் சொல்லிக் குடுக்க வேற ஆள் போடுவாங்க.

— வேற ஆளுகிட்ட எனக்கு எழுத்து ஏறாது. நானும் காமுவும் முன் வரிசையில குந்தறோம். தடுமாறினா எங்களப் பாருங்க.

— வாரேன்னு சொன்னதே போதும். இனி நான் கிளம்புதேன், உங்களுக்கு வேலை கிடக்கு. ஆனா போதகரையாவுக்கு நான் என்ன பதில் சொல்ல?

— நாளைக்கே ஞானஸ்நானம் குடுக்கச் சொல்லுங்க.

— நாளைக்கேவா? சளி?

— சளியும் இல்ல, ஒண்ணும் இல்ல. வண்ணான் மேலயும் பாவம், வீண் பழி போட்டேன். அதுக்கும் சேத்து மன்னிப்புக் கேக்கணும்.

— அப்ப எதுக்கு அண்ணாச்சி மூணு தடவை தள்ளிப் போட்டீங்க?

— என்னக் கூட்டியாந்த ஆளு இன்னும் வெளியவே நின்னுக்கினு இருந்தாரு வாத்தியாரே. அவர வுட்டுட்டு நான் மட்டும் எப்பிடி உள்ள போறது?