கண்ணுக்குக் கீழே கொஞ்சம்

திரையில் பளிச்சென்று இருக்கும் படம் காகிதத்துக்கு வந்ததும் கறுத்துப்போகும், மேடம். பலபேருக்கு இது தெரியாது. திரைக்குப் பின்னால் வெளிச்சம் இருக்கிறது, காகிதத்துக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அதனால் பிரிண்டுக்கு அனுப்பும் முன் நிழல் விழுந்த இடங்களைக் கொஞ்சம் வெளுப்பாக்கிவிட வேண்டும். நீலம் இருந்தால் இன்னும் கவனம். திரையில் லேசாகத் தெரியும் நீலம், காகிதத்தில் மை கொட்டினாற்போல விழும்.

ஆட்டையாம்பட்டியில் என் ஸ்டுடியோவைக் கேட்டால் யாரும் வழி சொல்வார்கள். வழுக்கை மாப்பிள்ளைக்கு முடி வைத்திருக்கிறேன். தெற்றுப்பல்லை உள்ளே தள்ளியிருக்கிறேன். தேர்தலில் நின்ற ஒரு பெரியவருக்குப் பத்து வயதைக் குறைத்துக் கொடுத்தேன். அவர் தோற்றதற்கு நான் பொறுப்பில்லை. என் கடையிலிருந்து ஒரு மருவோ தழும்போ வெளியே போனதில்லை என்பதில் எனக்குப் பெருமை உண்டு. மறைப்பானேன்.

கலைமணியின் கல்யாண ஆல்பமும் நான் போட்டதுதான். தறிப்பட்டறை இளவழகனுக்கு வாக்கப்பட்டு வந்த பெண். அப்பா அம்மா இல்லை. ஒரே அண்ணன் தீர்த்தகிரி, திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் ஆழ்துளைக் கிணறு போடப் போய் வடக்கே எங்கெங்கோ கிடப்பான். கல்யாணப் படங்களில் அந்தப் பெண்ணுக்கு நான் செய்ய வேண்டியது ஒன்றுமே இருக்கவில்லை. நல்ல தோல். அடுத்து வளைகாப்பு ஆல்பத்தில்தான் முதல்முறை வேலை வந்தது. வளையலுக்கு மேலே, முழங்கைப் பக்கம், வரிசையாக நான்கு விரல் தடம். எடுத்துவிட்டேன். யாரும் எடுக்கச் சொல்லவில்லை. நன்றி சொல்லவும் இல்லை. என் தொழிலில் அப்படித்தான், நன்றாகச் செய்த வேலை கண்ணில் படாது.

குழந்தையின் முதல் பிறந்தநாளுக்கு ஸ்டுடியோவிலேயே படம் எடுக்க வந்தார்கள். இளவழகன் குழந்தையோடு வாசலில் நின்று போன் பேசிக்கொண்டிருந்தான். அவள் கண்ணாடி முன்னால் தலை வாருவதுபோல நின்று, என்னைப் பார்க்காமலே பேசினாள்.

"அண்ணா, எங்கண்ணனுக்கு ஒரு படம் அனுப்போணுங்க. அவிய ரிக் ஆபீஸ்ல குடுத்தா வண்டிக்குப் போயிருமுங்க."

"அனுப்பிர்லாம் சாமி."

"என் மொகத்துல ஒண்ணும் பண்ணாதீங்கண்ணா. இருக்கறத அப்படியே உட்டுருங்க. எங்கண்ணன் பாக்கோணும். போன்ல பேசுனா அவரு பக்கத்துலயே உக்காந்துக்கறாருங்க. நான் ஒண்ணும் சொல்ல முடியறதில்ல."

இடது கண்ணுக்குக் கீழே பவுடரையும் மீறி நீலம் தெரிந்தது. ஓரத்தில் பச்சை பாயத் தொடங்கியிருந்தது. கன்றிப்போன இடம் ஐந்தாறு நாளானால் அந்த நிறத்துக்கு வரும். நிறங்களோடு பிழைப்பவனுக்கு இது தெரியாமல் போகாது. தெரியவில்லை என்று சொல்லித் தப்பிக்கப் பார்க்கிறவன் இல்லை நான்.

"செரி சாமி, நான் பாத்துக்கறேன்" என்றேன்.

அன்று கணினி முன் உட்கார்ந்தபோது எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. அவன்மேல் இல்லை, அவள்மேல். ரிக் வண்டியில் பத்துப் பேர் பார்க்கப்போகிற படம். பின்னால் என் கடை முத்திரை இருக்கும். என்ன ஸ்டுடியோக்காரன் இவன் என்று கேட்க மாட்டார்களா? கன்னத்துத் தோலைக் கொஞ்சம் எடுத்துக் கண்ணுக்குக் கீழே வைத்துத் தேய்த்தேன். உதட்டு வெடிப்பை மூடினேன். சிரிப்பு சற்று இழுத்த மாதிரி இருந்ததால் ஓரத்தைத் தூக்கிவிட்டேன். பிரேம் போட்டு, சொன்னபடியே ரிக் ஆபீசில் கொடுத்தேன். வாக்குத் தவறுகிறவன் இல்லை.

படம் கிடைத்ததும் தீர்த்தகிரி எனக்கே போன் செய்தான்.

"ஏனுங்க, தங்கச்சி கொரலு ஒரு மாதிரியா இருக்குதேன்னு ஊட்டுக்கு வாரதுக்கு டிக்கெட்டே போட்டுட்டனுங்க. போட்டோவப் பாத்தப்பறம் மனசு ஆறிப்போச்சுங்க. என்னமாச் சிரிக்கறா. இனி ஆடிக்கு வந்தாப் போதுமுங்க."

இப்படி ஒரு பாராட்டு என் தொழிலில் எனக்கு வந்ததில்லை.

மாசியில் அவள் பட்டறைக்குப் பின்னாலுள்ள கிணற்றில் கிடந்தாள். கால் வழுக்கிவிட்டது என்று சொன்னார்கள். தீர்த்தகிரி வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. நேராக என் கடைக்கு வந்தான். முக்குரோட்டில் கண்ணீர் அஞ்சலி பிளக்ஸ் வைக்க வேண்டும், வண்டியில் மாட்டியிருந்த அந்தப் படமே வேண்டும் என்றான்.

இங்கேதான் நான் தவறு செய்தேன், மேடம். தொழில் தவறு. கையளவு படத்துக்குச் செய்த திருத்தம் பத்தடி பிளக்ஸுக்குத் தாங்காது. பெரிதாக்கிப் பார்த்தால் கண்ணுக்குக் கீழே பூச்சு வேலை செய்த சுவர்போலத் தெரிந்தது. முதலிலிருந்து செய்வோம் என்று அசல் படத்தைத் திறந்தேன். நாற்காலிக்குப் பின்னால் அவன் நிற்பது ஞாபகத்தில் இல்லை.

அவன் திரைக்குப் பக்கத்தில் குனிந்து பார்த்தான். பிறகு, "இது யாருங்க?" என்றான்.

"உங்க தங்கச்சிதாங்க. இன்னும் வேலை முடியல" என்றேன்.

கையிலிருந்த பழைய படத்தையும் திரையையும் மாற்றி மாற்றிப் பார்த்தான். அங்கிருந்து நேராக இங்கே ஸ்டேஷனுக்கு வந்திருக்கிறான். இளவழகன் தன் மனைவிமேல் கை ஓங்கியதே இல்லை என்று உங்களிடம் சொல்கிறானாம். அது அவன் பாடு. என் பங்கை நான் ஒப்புக்கொள்கிறேன். அவள் கேட்டுக்கொண்டாள், எனக்குக் காரணமும் புரிந்தது, தெரிந்தேதான் அழித்தேன்.

அசல் படம் வேண்டும், கோர்ட்டுக்குப் போக வேண்டும் என்று காலையில் போன் செய்தீர்கள். கொண்டுவந்திருக்கிறேன், நல்ல காகிதத்தில், பெரிய அளவில். கோர்ட் என்றால் ஜட்ஜ் பார்ப்பார், வக்கீல்கள் பார்ப்பார்கள். அதனால் கண்ணுக்குக் கீழே மட்டும் கொஞ்சம் தொட்டிருக்கிறேன். கணினியிலும் அசலின் மேலேயே சேமித்துவிட்டேன். இனி யார் திறந்து பார்த்தாலும் அந்தப் பெண் நன்றாகத்தான் இருப்பாள்.