எல்லைக்கல்லுக்கு அங்கிட்டு நின்றவர்

"குனிஞ்சு ஓடு, செல்லம்மா!"

கத்துகிறவர் என் வீட்டுக்காரர், சின்னையா. இரண்டு நாளாக அவர் சொன்ன எதையும் நான் நம்பவில்லை. இப்போது ஓடுகிறேன். இடுப்பில் மகள். நாலு வயசு. காய்ச்சலில் கொதிக்கிறாள். பின்னால் சத்தம். இடி இல்லை. வேட்டு இல்லை. தகரத்தைப் பாறையில் இழுத்தால் வருமே, அது. சத்தம் நின்றால் ஒரு வீடு இருக்காது. புகைகூட வராது. வெறுந்தரை.

நயா பைசா வந்த வருஷம். சித்திரை மாசம். காப்புக் கட்டிய ஆறாம் நாள், காலை பத்து மணி. எங்கள் ஊர் அன்னவாசல் பக்கம்.

அவனை முதலில் பார்த்தது நாலாம் நாள். கண்மாய்க் கரையில் நின்றான். உச்சி வெயில். வியர்வை இல்லை. பேசியது தமிழ்தான், எந்த ஊர்த் தமிழும் இல்லை. முந்நூறு வருஷம் கழித்துப் பிறக்கப்போகிறவனாம். வருங்காலம் பூராவையும் பிடித்துவிட்டானாம். இனி, போன காலத்தைப் பிடிக்க வந்தானாம். "நானே உங்கள் ராஜா" என்றான். ராஜா காலமே முடிந்து போச்சு, இந்தக் கிறுக்கன் எங்கிருந்து முளைத்தான் என்று சிரித்தோம். அவன் சிரிக்கவில்லை. வீடு வீடாக எங்கள் பெயர்களைச் சொன்னான்.

"எட்டாம் நாள் காப்பு அவிழ்க்கும்வரை நீங்கள் எல்லை தாண்ட மாட்டீர்கள். நாளை மறுநாள் பத்து மணிக்கு வருவேன். என் படைக்கு ஆண்கள் வேண்டும்."

சிரிப்பு நின்றது. ஊர் வழக்கம் இவனுக்கு எப்படித் தெரியும்? எவனோ சொல்லியிருக்கிறான். எவன்?

எல்லை தாண்டியவர் ஒருவர்தான். என் வீட்டுக்காரர். மூன்றாம் நாள், மகளுக்கு மருந்து வாங்க அன்னவாசல் போனார். காப்பை மீறியவர் திருவிழா முடியும்வரை உள்ளே வரக் கூடாது. திரும்பியவர் எல்லைக்கல்லுக்கு அங்கிட்டே நின்றார். நாலாம் நாள் அவன் வந்து போனதும் அங்கே நின்றபடியே கத்தினார்.

"மலைக்குப் பின்னாடி அவன் வண்டிக நிக்குது! காப்ப அத்துப்போட்டுட்டு வாங்க! இங்கிட்டு ரோட்டுப் பக்கம் ஓடிரலாம்!"

ஊர் அம்பலக்காரர் பதிலுக்குக் கத்தினார். "காட்டிக் குடுத்தவன் கூப்புடுறான்! ஒருத்தரும் போகாதீங்க!"

தாண்டினால் சாமி குத்தம். தாண்டாவிட்டால் அவன். நாங்கள் சாமிக்குத்தான் பயந்தோம்.

நான் கல்வரை போனேன். பத்தடி தூரம். "புள்ளையத் தூக்கிட்டு வந்துரு, செல்லம்மா" என்றார். மருந்துப் பொட்டலத்தை நீட்டினார். தாலி கட்டியவர் முகத்தை, ஊர் பேர் தெரியாதவன் முகத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தேன். மருந்தில் என்ன கலந்திருக்கோ என்று நினைத்தேன். அடிப் பாவி, அப்படியும் நினைத்தேன். வாங்காமல் திரும்பிவிட்டேன்.

ஆறாம் நாள் சொன்ன நேரத்துக்கு வந்தான். ஒரு வெளிச்ச வளையத்துக்குள் ஆண்களை நிறுத்தினான். அம்பலக்காரர் ஒன்றே ஒன்று கேட்டார்.

"எவன்டா ஒனக்குச் சொன்னது?"

"யாரும் சொல்லவில்லை. என் காலத்தில் இது புத்தகத்தில் இருக்கிறது. படித்தேன்."

வளையம் அணைந்தது. ஆண்கள் இல்லை. பிறகு வீடுகளில் ஆரம்பித்தான்.

என் வீட்டுக்காரர் கல்லைத் தாண்டி உள்ளே வந்தார். எங்கள் இரண்டு பேரையும் வெளியே தள்ளினார். நான் திரும்பிப் பார்த்தபோது அவர் நின்ற இடத்தில் வெறுந்தரை.

எந்தப் புத்தகத்தைப் படித்தான்? ஒருவேளை இதையே படித்தானோ? அதனால்தான் ஊர்ப் பெயரை நான் சொல்லவில்லை. படிக்கிற நீங்கள் யார் என்று எனக்குத் தெரியாது. கோபிக்காதீர்கள், உங்களையும் நான் நம்பவில்லை. ஆனால் சொல்லாமல் செத்தால் அவர் காட்டிக் கொடுத்தவராகவே போய்விடுவார்.

போனது: வீடு ஏழு. மாடு நாலு. வீட்டுக்குள் இருந்த கிழடுகள் மூன்று பேர். வளையத்தில் நின்ற ஆண்கள் பத்தொன்பது பேர். இருபத்திரண்டு பெயரையும் ஊர் கல்லில் வெட்டி வைத்திருக்கிறது. காப்பை மீறியவர் பெயரை அதில் சேர்க்க மாட்டார்களாம்.

நான் எண்ணினால் இருபத்து மூன்று.